வெறும் பெட்டிக்கு ஏன் இந்த விலை? கடையில் விற்கும் கேம் கோட் பற்றி

வற்றாப்பளைப் பொங்கலுக்கு கனடாவிலிருந்து வந்த ஒரு மாமா, தன் அக்காவின் மகனுக்கு, நின்டெண்டோ கொம்பனியின் சுவிட்ச் என்ற கேம் கருவியில் விளையாடும் கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். பொலித்தீன் உறை உடைக்காத புதுப் பெட்டி. பெடியன் ஆசையோடு கிழித்துத் திறந்தான். உள்ளே ஒரு கடதாசித் துண்டு மட்டும். அன்று பின்னேரமே இரண்டு பேரும் புதுக்குடியிருப்பில் நான் உதவிக்கு நிற்கும் போன் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"தம்பி, அங்கை கடைக்காரன் சாமானை உள்ளுக்கை வைக்க மறந்திட்டான் போலை. இதுக்கு இனி நான் எங்கை போய்க் கேக்கிறது?" என்றார் மாமா.

கடைக்காரர் எதையும் மறக்கவில்லை. அந்தக் கடதாசிதான் சாமான். பெட்டியின் அட்டையிலேயே, உள்ளே கேம் காட் (கேம் பதிந்த சிப்) இல்லை, இணையத்திலிருந்து இறக்குவதற்கான கோட் மட்டும்தான் இருக்கிறது என்று அச்சடித்திருந்தார்கள். கண்ணாடி போடாமல் வாசிக்கிற அளவு எழுத்தில் அல்ல, அவ்வளவுதான்.

இந்த வியாபாரத்தை வன்னியில் விளக்குவது சுலபம். ரீலோட் காட் சுரண்டாத கை இங்கே இல்லை. நூறு ரூபாய் காட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்குள் நூறு ரூபாய் இல்லை, பேசுவதற்கான நிமிடங்களும் இல்லை. இருப்பது ஒரு நீள இலக்கம். அதே இலக்கம் கொம்பனியின் கணினியில் ஒரு வரியாகப் பதிந்திருக்கிறது: "இந்த இலக்கத்துக்கு 100 ரூபாய், இன்னும் பாவிக்கவில்லை." நீங்கள் சுரண்டி அடித்ததும் கணினி அந்த வரியைத் தேடிப் பிடித்து, உங்கள் சிம்மில் காசை ஏற்றிவிட்டு, "பாவித்தாயிற்று" என்று குறித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்தக் காட்டால் பல்லுக் குத்தலாம்.

கேம் கோட்டும் அப்படியே. நின்டெண்டோ கோட் என்றால் 16 எழுத்தும் இலக்கமும். அதை உங்கள் கணக்கில் அடித்தால், கொம்பனியின் கணினி "இந்தக் கேம் இன்றுமுதல் இந்தக் கணக்குக்குச் சேரும்" என்று எழுதிக்கொள்ளும். கேம் வருவது அதற்குப் பிறகு, இணையத்தின் வழியாக, கொம்பனியின் களஞ்சியத்திலிருந்து. ஆகவே கடைக்காரர் விற்றது கேமை அல்ல, கேமை இறக்கிக்கொள்ளும் அனுமதியை. ரீலோட் காட் தெரிந்தவருக்கு இந்த விசயத்தில் முக்கால்வாசி தெரியும். காசு போவது மீதிக் கால்வாசியில்தான். அதனால் அந்தக் கால்வாசியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் கிடைப்பவை எல்லாம் ஒரே வகை இல்லை. ஒரு குறிப்பிட்ட கேமுக்கு மட்டுமான கோட் ஒன்று. மாமா கொண்டுவந்தது அது. இன்னொன்று பணக் கோட்: 10 டொலர், 20 டொலர், 50 டொலர் என்று வரும். கணக்கில் ஏற்றிவிட்டு விரும்பியதை வாங்கலாம். ஸ்டீம் (கணினிக் கேம் விற்கும் இணையக் கடை) காட், பிளேஸ்டேஷன் (சோனியின் கேம் கருவி) காட் என்று நம் பக்கத்துப் பெடியள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மூன்றாவதாக ஒன்று 2025 ஜூன் 5ஆம் திகதி சுவிட்ச் 2 விற்பனைக்கு வந்ததோடு வந்தது. அதற்குக் கேம்-கீ காட் என்று பேர். பெட்டிக்குள் உண்மையாகவே சிப் இருக்கும், ஆனால் சிப்புக்குள் கேம் இருக்காது. அது வெறும் திறப்பு. செருகினால் கேம் இணையத்தில் இருந்து இறங்கும், இறங்கிய பிறகும் விளையாடும்போதெல்லாம் சிப் செருகியிருக்க வேண்டும். கோட்டைப் போல ஒருவரின் கணக்கோடு ஒட்டிக்கொள்ளாது. கூட்டாளிக்குக் கொடுக்கலாம், விற்கலாம். கடதாசிக் கோட்டில் அது நடக்காது.

இனி, கோட் விற்க கடை எதற்கு? எல்லாம் இணையத்தில் நடக்கும்போது நடுவில் ஒரு மனிதன் ஏன் நிற்கிறான்? பலர் கேட்கும் கேள்வி இது.

முதல் பதில், காசு கையில் இருப்பவனிடம் கடனட்டை இல்லை. பதினான்கு வயதுப் பெடியனிடம் ஆயிரம் ரூபாய்த் தாள் இருக்கும், வங்கி அட்டை இருக்காது. கடைதான் தாள் காசை இணையக் காசாக மாற்றும் இடம். இரண்டாவது, பரிசு. "உன் கணக்கில் ஏற்றிவிட்டேன்" என்று சொல்வதைவிட ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தால்தான் மாமாவுக்கும் திருப்தி, மருமகனுக்கும் திருப்தி. மூன்றாவது, கடைத் தட்டு ஒரு விளம்பரப் பலகை. தேடிப் போகாதவன் கண்ணிலும் படும்.

இதை நின்டெண்டோ தெளிவாகவே பேசியது. 2012 ஏப்ரலில் அதன் அன்றைய தலைவர் சதொரு இவாட்டா, கடைகளில் விற்கும் கேம்களை இனி இணையத்திலும் விற்கப்போகிறோம், கூடவே கடைகளும் 16 இலக்கக் கோட்டாக அவற்றை விற்கலாம், விலையைக் கடைக்காரரே தீர்மானிக்கலாம் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். அதே ஆண்டு வந்த நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2 அப்படி வந்த முதல் கேம்களில் ஒன்று. கடைக்காரருக்கு அதில் ஒரு நல்ல பக்கம் இருந்தது. சரக்கு வாங்கி அடுக்கத் தேவையில்லை, விற்காமல் தேங்கி நட்டப்படத் தேவையில்லை, முடிந்துபோச்சு என்று ஆளைத் திருப்பி அனுப்பவும் தேவையில்லை.

கடைகளை ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதற்கு முன்பே ஓர் உதாரணம் நடந்திருந்தது. 2009 ஒக்டோபரில் சோனி, பிஎஸ்பி கோ என்ற கைக்கருவியை வெளியிட்டது. அதில் வட்டுப் போடும் இடமே இல்லை, கேம் எல்லாம் இணையத்தில் மட்டும். கருவியை விற்றுவிட்டால் கடைக்காரருக்கு அதற்குப் பிறகு கேம் வியாபாரமே இல்லை. அப்படியென்றால் இதை நான் ஏன் தட்டில் வைக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் சில கடைகள் அதை எடுக்க மறுத்தன. நியாயம்தானே? சைக்கிளை விற்றுவிட்டு ரயர், ரியூப், செயின் எல்லாம் வேறு கடையில்தான் என்றால் நம்மூர்ச் சைக்கிள் கடைக்காரர் சும்மா இருப்பாரா?

ஆனால் இந்தக் கூட்டு நீடிக்கவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் தனித்தனிக் கேம்களுக்கான கோட்டைக் கடைகளில் விற்பதைச் சோனி நிறுத்தியது. பணக் காட் மட்டும் தொடர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தோடு ஐரோப்பியக் கடைகளில் தன் சொந்தக் கேம்களின் கோட் விற்பதை நின்டெண்டோவும் நிறுத்தியது. என் கணிப்பு, காரணம் விலைதான். கடைக்காரர் கேம் கோட்டைக் கழிவு விலையில் கொடுத்தால் கொம்பனியின் இணையக் கடையில் உள்ள முழு விலை வெட்கப்பட்டு நிற்கும். பணக் காட்டில் அந்தத் தொல்லை இல்லை. 50 டொலர் காட்டை எவர் விற்றாலும், கேமுக்கு விலை எழுதுவது கொம்பனியேதான். கேம் தயாரிக்கும் வேறு நிறுவனங்களோ கோட் பெட்டி விற்பதைக் கைவிடவில்லை. சிப் செய்யச் செலவாகும், கடதாசி அடிக்கச் செலவு இல்லை. மாமாவின் பெட்டி அந்தக் கணக்கில் வந்தது.

வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் ஒரு விசயம் கவனித்திருப்பார்கள். அங்கே பெரிய கடைகளில் இந்தக் காட்டுகள் காவலே இல்லாமல் கம்பியில் தொங்கும். எடுத்துக்கொண்டு ஓடினால் என்ன? ஒன்றும் கிடைக்காது. காசாளரிடம் கொண்டுபோய்ப் பார்கோட்டைக் காட்டிக் காசு கட்டும்வரை அந்தக் காட் செத்த காட். காசு கட்டியதும் கடையின் கணினி கொம்பனிக்கு "இதற்கு உயிர் கொடு" என்று செய்தி அனுப்பும். அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் இலக்கம் வேலை செய்யும்.

நம் ரீலோட் காட் இதற்கு நேர் எதிர். அது கடைக்கு வரும்போதே உயிரோடு வரும். அதனால்தான் போன் கடை முதலாளிமார் அந்தக் கட்டைத் தாள் காசோடு சேர்த்து லாச்சிக்குள் பூட்டி வைத்தார்கள். பிறகு முதலாளியின் போனிலிருந்தே இலக்கம் அடித்து ரீலோட் போடும் முறை வந்தது. காட்டும் இல்லை, களவும் இல்லை. கோட்டைப் பில்லிலேயே அச்சடித்துக் கொடுக்கும் கடைகளும் இதே வழியில் வந்தவைதான். நம் ஊர்க் கடைகளில் நீங்கள் வாங்கும் கேம் கோட், பெரும்பாலும் கம்பியில் தொங்கும் காட் அல்ல. கடைக்காரர் எங்கோ ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கி உங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிற வெறும் எழுத்தும் இலக்கமும். அதாவது உயிரோடு இருக்கும் சரக்கு. அனுப்பிய நொடியில் விற்பனை முடிந்தது.

சரி, அந்தக் கால்வாசிக்கு வருவோம்.

முதலாவது நாடு. ரீலோட் காட்டுக்கு எந்த சிம் என்பது மட்டும்தான் கேள்வி. கேம் கோட்டுக்கு எந்த நாடு என்பதும் கேள்வி. பிளேஸ்டேஷனின் இணையக் கடை இலங்கைக்கு என்று இல்லை. இந்தியாவுக்கு இருக்கிறது, அமெரிக்காவுக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. அதனால் இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு நாட்டின் பேரில் கணக்குத் திறந்துதான் விளையாடுகிறார்கள். அமெரிக்காவின் பேரில் திறந்த கணக்குக்கு அமெரிக்கக் காட்தான் ஏறும். இந்தியக் காட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் காசு காற்றோடு போகும். ஒருமுறை தெரிவுசெய்த நாட்டைப் பிளேஸ்டேஷன் கணக்கில் பிறகு மாற்றவும் முடியாது. நின்டெண்டோவில், கணக்கில் பண மீதி இல்லாவிட்டால், மாற்றலாம். ஸ்டீம் இந்த விசயத்தில் நமக்கு வசதி. இலங்கையிலிருந்து நேரடியாகவே வாங்கலாம், விலை டொலரில் காட்டும்.

நானும் இதில் ஒருமுறை சூடு கண்டவன். ஆரம்பத்தில், பெடியன் ஒருவன் "அண்ணை, இருபது டொலர் பிளேஸ்டேஷன் காட் ஒண்டு" என்று கேட்டான். எந்த நாட்டுக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. அமெரிக்கக் கோட் எடுத்துக் கொடுத்தேன். அவன் கணக்கு இங்கிலாந்து. அவனுடைய சித்தப்பா அங்கிருந்து திறந்து கொடுத்தது. கோட் வீணாகவில்லை, வேறொருவனுக்கு விற்றோம், ஆனால் அதற்கு மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் பெடியனின் அம்மா கடைப் பக்கம் வந்தால் நான் பின்பக்கம் போய்விடுவேன். இப்போது காசு வாங்க முன் கேட்கும் முதல் கேள்வி, "கணக்கு எந்த நாடு?"

இரண்டாவது, டொலர். கோட்டின் விலை டொலரில் பிறக்கிறது. 2022 மார்ச்சில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதே 20 டொலர் கோட், இரண்டே மாதத்தில் 4,000 ரூபாயிலிருந்து 7,200 ரூபாய்க்கு மேல். கோட்டில் எதுவும் மாறவில்லை. கடைக்காரர் போன மாதம் சொன்ன விலையை இந்த மாதம் சொல்லாவிட்டால் அவரைத் திட்டாதீர்கள்.

மூன்றாவதுதான் வன்னிக்கு ஆகப் பெரியது: இறக்குவது. கோட் இரண்டு நிமிடத்தில் ஏறிவிடும், கேம் ஏறாது. கணினியில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாட 150 ஜிபி இடம் வேண்டும் என்று அதன் விற்பனைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஒரு டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும் என்றால், முப்பதுக்கு மேல் டிவிடி. இணையம் விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஒரு தடையும் இல்லாமல் வந்தால், 150 ஜிபி இறங்கப் பதினாறு பதினேழு மணித்தியாலம். மழைக்கு மின்சாரம் போகிற ஊரில், சிக்னலுக்காக ரவுட்டரை யன்னலோடு கட்டி வைத்திருக்கும் வீட்டில், அதை இரண்டு மூன்று நாள் என்று கணக்கெடுங்கள். இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், அந்தளவு ஆறுதல். ஆனால் டேட்டாவுக்கு யார் காசு கட்டுவது? மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் பக்கேஜில் இப்படி ஒரு கேமை இறக்கினால், மிச்ச நாளுக்குத் தங்கச்சியின் சூம் வகுப்பு நின்றுபோகும். கேமின் விலையோடு டேட்டாவின் விலையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்குங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஃபைபர் உள்ள உறவினர் வீட்டுக்குக் கருவியைக் கொண்டுபோய் ஒரு நாள் தங்கி இறக்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதைக் கேலி செய்யமாட்டேன். முன்பு படப் பிரதி எடுக்கப் போனோம், இப்போது இதற்குப் போகிறோம்.

கருவியில் இடமும் வேண்டும். முதல் சுவிட்சில் உள்ளிடம் 32 ஜிபி, சுவிட்ச் 2இல் 256 ஜிபி. இரண்டு மூன்று பெரிய கேமோடு முதலாவது நிரம்பிவிடும், பிறகு மெமரி காட் வாங்க வேண்டும்.

நான்காவது, கைமாற்றம். இறுவட்டுக் காலத்தில் ஒரு கேம் நான்கு வீடு சுற்றும். ஒருவன் முடித்துவிட்டு மற்றவனுக்குக் கொடுப்பான், கடைசியில் பாதி விலைக்கு விற்கவும் செய்யலாம். கோட் அடித்த கேம் அந்தக் கணக்கோடு கட்டிவிட்ட மாடு. அவிழ்க்க முடியாது. சுரண்டிய கோட்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். எடுக்கவும் முடியாது, நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? ஸ்டீமில் நேரடியாக வாங்கிய கேமை 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கலாம். வெளியே வாங்கிய கேம் கோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இதனால்தான், ஸ்டீமுக்குக் கடையில் வாங்குவதென்றால் கேம் கோட்டைவிடப் பணக் கோட் நல்லது என்று நான் சொல்வேன்.

இதிலேயே இன்னொரு இடத்தில் தடுமாறுவார்கள். பிளேஸ்டேஷன் 5 இரண்டு விதமாக வந்தது, 2020 நவம்பரில். ஒன்றில் வட்டுப் போடலாம், டிஜிட்டல் எடிஷன் என்பதில் வட்டுப் போட இடமில்லை. பழைய வட்டு வாங்கி மலிவாக விளையாடலாம் என்று நினைப்பவர், கருவி வாங்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு உறவினருக்குச் சொல்லும்போதும் "பிளேஸ்டேஷன் அஞ்சு" என்று மட்டும் சொல்லாமல் "வட்டுப் போடுறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, ஆயுள். நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடையை 2023 மார்ச் 27இல் மூடியது. கையில் இருந்த கோட்டை அடிக்க ஏப்ரல் 3 வரை தவணை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏதாவது கடைத் தட்டில் மிஞ்சியிருந்த கோட் பெட்டி, பெட்டி மட்டும்தான். முன்பே அடித்து வாங்கியவர்களுக்குத் திரும்ப இறக்கும் வசதியை விட்டு வைத்தார்கள். வட்டு என்றால் என்றைக்கும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. யூபிசொஃப்ட் என்ற கொம்பனியின் தி க்ரூ என்ற கார் கேமின் சேவையகங்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தியபோது, வட்டு வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியாமல் போனது. இந்தக் கோபமெல்லாம் சேர்ந்த காலத்தில், கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, நீங்கள் வாங்குவது உரிமத்தைத்தான் என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி.

போனில் ஃப்ரீ ஃபயர் கேம் விளையாடுகிறவர்கள் டயமண்ட் (அந்தக் கேமுக்குள் செலவழிக்கும் காசு) போடச் சொல்லிக் கேட்பதும் இதன் ஒன்றுவிட்ட சகோதரம்தான். அங்கே பெரும்பாலும் கோட் கூட இல்லை, விளையாடுகிறவரின் ஐடி இலக்கத்துக்கு நேரே ஏற்றிவிடுவார்கள். ரீலோட் போடுவதுபோலவே, ஓர் இலக்கம் பிழைத்தால் டயமண்ட் வேறு எவனுக்கோ போய்விடும். தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். கடவுச்சொல்லைக் கேட்கிறவரிடம் போடவே போடாதீர்கள், ஐடி போதும்.

கள்ளர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. சந்தை விலையில் பாதிக்குக் கோட் தருகிறேன் என்று முகநூலில் வருகிறவரிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஏற்கெனவே அடித்த கோட், அல்லது களவெடுத்த கடனட்டையால் வாங்கிய கோட். இரண்டாவது வகை அடித்ததும் வேலை செய்யும், சில கிழமை போனபின் அட்டைக்குச் சொந்தக்காரர் முறைப்பாடு செய்ததும் கொம்பனி கேமைப் பறித்துக்கொள்ளும். இதற்கு மறுபக்கமும் உண்டு. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, வரி கட்ட ஒரு காட் வாங்கி இலக்கத்தை அனுப்புங்கோ" என்று போன் வந்தால் அது களவு. எந்த அரச அலுவலகமும் எந்த வங்கியும் கேம் காட்டில் காசு வாங்குவதில்லை. கோட் காசைப் போல, போனால் பின்னால் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால்தான் அவர்களுக்கு அதில் அவ்வளவு பிரியம். கடைக்கு வந்து பதற்றத்தோடு பெரிய தொகைக்குக் காட் கேட்கும் வயதானவரைக் கண்டால், கடையில் நிற்கிறவன் ஒரு கதை கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் முதலாளியின் கட்டளை அது.

மாமாவின் பெட்டிக்கு என்ன நடந்தது? கோட் கனடாவுக்கானது, பெடியனின் கணக்கு இங்கிலாந்து. நல்ல காலம், நின்டெண்டோ. கணக்கில் ஒரு சதமும் இல்லை. நாட்டைக் கனடா என்று மாற்றி, பதினாறு எழுத்தையும் மாமா ஒவ்வொன்றாக வாசிக்க, பெடியன் அடித்தான். எட்டா பியா என்று ஓரிடத்தில் இருவருக்கும் சண்டை. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. கேம் 9 ஜிபி. கடை வைஃபையில் தொடங்கிவிட்டோம், பூட்டுகிற நேரம் 41 வீதம். கருவியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பெடியனுக்கு மனமில்லை. கடைசியில் கருவியை விட்டுவிட்டு, வெறும் பெட்டியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மாமாவின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான்.